ஆண்ட்ரியா போச்செல்லி: ஆல்பத்தில் கேட்பதா, மேடையில் கேட்பதா?

இத்தாலியப் பாடகர் ஆண்ட்ரியா போச்செல்லியின் பெயரை யூடியூபில் தட்டினால் ஒரே பாட்டுக்கு ஏழெட்டு வடிவங்கள் வந்து நிற்கும். ‘கோன் தே பார்த்திரோ’வையே எடுத்துக்கொள்வோம். 1995-இல் ஆல்பத்துக்காகத் தனியாகப் பாடியது ஒன்று. அடுத்த வருடம் ஆங்கிலப் பாடகி சாரா பிரைட்மேனோடு சேர்ந்து ‘டைம் டு சே குட்பை’ என்ற பெயரில் பாடியது இன்னொன்று. அப்புறம் பீசா நகரச் சதுக்கத்தில், டஸ்கனிக் குன்றுகளுக்கு நடுவில், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் என்று மேடைப் பதிவுகள் வேறு. புதிதாகக் கேட்க வருபவர் எதிலிருந்து தொடங்குவது? ஸ்டுடியோ ஆல்பங்களை வரிசையாகக் கேட்பதா, கச்சேரிப் பதிவுகளைப் பார்ப்பதா, இல்லை பணம் சேர்த்து ஒரு தடவை நேரிலேயே போய்க் கேட்டுவிடுவதா?

“நேரில் கேட்பதுதான் நிஜம், ஆல்பமெல்லாம் ஒப்பனை” என்று பலர் சொல்வார்கள். நிறையப் பாடகர்களுக்கு அது பொருந்தும். போச்செல்லிக்குப் பாதிதான் பொருந்தும். அவர் ஒரே வகைப் பாட்டைப் பாடுகிறவர் இல்லை. பாப் பாட்டு, ஓபரா என்னும் இசை நாடகம், தேவாலயப் பாடல், நாப்போலி நாட்டுப் பாட்டு என்று நான்கு திசையில் போகிறார். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. அதைத் தீர்மானிப்பது ஸ்டுடியோவா மேடையா என்பதல்ல. மைக் எங்கே இருக்கிறது, அது என்ன வேலை செய்கிறது என்பதுதான்.

இதைப் புரிந்துகொள்ள அவர் வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1958-இல் இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் லயாத்திகோ என்ற சின்ன ஊரில் பிறந்தவர். பிறவியிலேயே கண்ணில் கிளாக்கோமா என்ற அழுத்த நோய். 12 வயதில் கால்பந்து ஆடும்போது அடிபட்டு, மிச்சமிருந்த பார்வையும் போயிற்று. பீசா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, கொஞ்ச காலம் வக்கீலாகவும் இருந்தார். ராத்திரிகளில் பியானோ பார்களில் வாசித்துக்கொண்டே பாடினார். புகழ்பெற்ற டெனர் (உச்ச ஸ்தாயியில் பாடும் ஆண் குரல்) ஃபிராங்கோ கொரெல்லியிடம் பாடம் கேட்டார். 1992-இல் ராக் பாடகர் சுக்கெரோ, ‘மிசெரெரே’ என்ற பாட்டை உலகப் புகழ் டெனர் பவரொட்டியோடு பாட நினைத்தார். பவரொட்டிக்கு அனுப்பும் மாதிரி டேப்பில் பாடுவதற்கு ஒரு டெனர் தேவைப்பட்டது. குரல் தேர்வுக்கு வந்தவர்களில் போச்செல்லியைப் பிடித்துப் போயிற்று. டேப்பைக் கேட்ட பவரொட்டி, இவரையே பாட வைக்கலாமே என்றார். பிறகு பவரொட்டியும் பாடினார் என்பது வேறு விஷயம். அடுத்த வருடம் சுக்கெரோவின் சுற்றுப்பயண மேடைகளில் அந்தப் பகுதியைப் பாடியவர் போச்செல்லிதான். 1994-இல் இத்தாலியின் சான்ரெமோ பாட்டுப் போட்டி விழாவில் புதுமுகங்களுக்கான பரிசும் கிடைத்தது.

பார்களிலும் அந்த டேப்பிலும் அவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் மைக் இருந்தது. பெரிய மேடைகளுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனதே ஒரு ஒலிப்பதிவுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் குரலின் குணமே அங்கிருந்துதான் வருகிறது.

ஓபரா அரங்கில் மைக் கிடையாது. நம் சபாக்களில் மைக் இல்லாத கச்சேரி அபூர்வம் என்பதால் இதன் கனம் நமக்குச் சட்டென்று பிடிபடாது. மேடைக்கு முன்னால் உள்ள குழியில் அறுபது எழுபது வாத்தியங்கள் ஒலிக்கும். அத்தனையையும் தாண்டி, பாடுபவரின் குரல் கடைசி வரிசை வரைக்கும் போக வேண்டும். சத்தம் போட்டுப் பாடி இதைச் சாதிக்க முடியாது. ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலிச் சக்தி பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை ஒட்டித் திரண்டிருக்கும்; 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் போகப் போக நன்றாகக் குறைந்துவிடும். ஓபராவுக்கென்று பழகிய ஆண் குரல் அந்த 3,000 ஹெர்ட்ஸ் பகுதியில் தன் சக்தியைக் குவிக்கிறது. வாத்தியங்கள் விட்டுவைத்த இடைவெளி வழியாகக் குரல் வெளியே வருகிறது. பவரொட்டியின் குரலில் பளீரென்று ஒரு மினுமினுப்பு இருக்குமே, அது இதுதான்.

போச்செல்லியின் குரலில் அந்த மினுமினுப்பு குறைவு. அதற்குப் பதிலாக நடு ஸ்தாயியில் ஒரு வெதுவெதுப்பும் லேசான கரகரப்பும் உண்டு. பக்கத்தில் இருந்து கேட்டால் மனதைக் கரைக்கும். தூரத்தில், மைக் இல்லாமல், வாத்தியங்களுக்குப் பின்னால் இருந்து கேட்டால் அதில் பெரும்பகுதி காதுக்கு வந்து சேராது. 1999-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மசனேயின் ‘வெர்தர்’ ஓபராவில், மெஸ்ஸோ (நடு ஸ்தாயிப் பெண் குரல்) பாடகி டெனிஸ் கிரேவ்ஸோடு அவர் நடித்துப் பாடினார். குரல் அரங்கை நிறைக்கவில்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அந்த விமர்சனத்தை அவர் ரசிகர்கள் பலர் இன்றும் பொறாமை என்று தள்ளுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டதை எழுதினார்கள். அதே மாதிரி, வீட்டில் அவர் ஆல்பத்தைக் கேட்டு உருகுகிறவர்களும் ஏமாந்தவர்கள் இல்லை. இரண்டு பேரும் கேட்டது வேறு வேறு தூரத்திலிருந்து, அவ்வளவுதான்.

பாப் பாட்டுகளில் எனக்குத் துளியும் தயக்கமில்லை: ஸ்டுடியோ. ‘ரொமான்ஸா’ தொகுப்பும் 1999-இல் வந்த ‘சோன்யோ’வும் போதும். ‘கோன் தே பார்த்திரோ’வின் முதல் பதிவை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் பாடுகிறாரா, தனக்குத்தானே பேசிக்கொள்கிறாரா என்றே தெரியாது. கீழ் ஸ்தாயியில், அடக்கி, ஒரு ஆளுக்கு மட்டும் சொல்வது போல வரும். வரிக்கு வரி மூச்சு இழுப்பது காதில் விழும். பல்லவிக்கு வரும்போதுதான் குரல் மெல்ல விரிகிறது. அந்த இடம் நம்மை அப்படித் தூக்குகிறது என்றால், முன்னால் இருந்த தணிவு அதற்குக் காரணம்.

மேடைப் பதிவுகளில் பாழாவது அந்தத் தணிவுதான். முன்னிசையின் முதல் இரண்டு நொடியிலேயே கூட்டம் பாட்டை அடையாளம் கண்டு கைதட்டத் தொடங்கிவிடும். முதல் வரி அந்தக் கைதட்டலில் முங்கிப் போகும். திறந்தவெளி என்றால் இன்னும் மோசம். அவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் காதோடு பேசுவது போலப் பாட வழியில்லை. ஆக, பாட்டு நடுத்தரச் சத்தத்தில் தொடங்கிப் பெரிய சத்தத்தில் முடிகிறது. ஏறிவந்த உயரம் தெரிவதில்லை.

இந்தப் பாட்டு 1995 சான்ரெமோ விழாவில் நாலாவது இடம்தான் பிடித்தது. அப்புறம் ரேடியோவிலும் குறுந்தகட்டிலும்தான் ஐரோப்பா முழுக்கப் பரவியது. பிரைட்மேனோடு பாடிய வடிவமும், 1996-இல் குத்துச்சண்டை வீரர் ஹென்றி மாஸ்கேயின் விடைபெறும் போட்டிக்குப் பயன்பட்டு, ஜெர்மனியில் வாரக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. கடைசிப் பல்லவியில் சுருதி ஒரு படி மேலே ஏறும் அந்த ஜோடிப் பாட்டு மேடைக்கு ஓரளவு தாங்கும், ஏனென்றால் அது தொடக்கத்திலிருந்தே பெரிதாகக் கட்டப்பட்டது. தனிப் பாட்டு தாங்காது.

ஜோடிப் பாட்டு என்றதும் ‘தி பிரேயர்’ நினைவுக்கு வருகிறது. இதில் என் தராசு மேடைப் பக்கம் சாய்கிறது. 1998-இல் செலின் டியோனோடு வந்த ஸ்டுடியோ வடிவத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டு குரலும் அளந்து வைத்த மாதிரி பொருந்தியிருக்கும். அந்தப் பொருத்தமே எனக்குக் கொஞ்சம் அதிகம். 2011 சென்ட்ரல் பார்க் பதிவில் அதே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். போச்செல்லியால் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத் தொடங்கும் இடத்தைப் பிடிக்க முடியாது. காதால் மட்டுமே பிடிக்க வேண்டும். டியோன் அவருக்காக வரியை எடுத்துக் கொடுக்கும் விதத்தையும், இருவரும் கடைசியில் சேரும் இடத்தில் ஒருவர் முடிப்பதற்கு மற்றவர் காத்திருப்பதையும் கவனியுங்கள். ஸ்டுடியோவில் இதற்குத் தேவையே இல்லை. தனித்தனியாகப் பாடியதைக்கூடப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

அந்த சென்ட்ரல் பார்க் கச்சேரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேடைப் பதிவு ஒன்றுதான் கேட்பேன் என்பவருக்கு நான் கொடுப்பது இதைத்தான். 2011 செப்டம்பர் 15. இலவச நிகழ்ச்சி. ஆலன் கில்பர்ட் நடத்த நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா. டியோன், டோனி பென்னட், பாஸ்-பாரிடோன் (கீழ் ஸ்தாயி ஆண் குரல்) பிரின் டெர்ஃபெல் ஆகியோர் விருந்தினர்கள். அன்று குளிர்காற்றும் தூறலும். 53 வயது நிறைய ஒரு வாரமே இருந்த ஒரு டெனருக்குத் தொண்டையைப் பிடித்துக்கொள்ள இதைவிட வேறு வேண்டாம். பாடுகிறவர் அந்த நிலைமையோடு மல்லுக்கட்டுவது குரலில் தெரிகிறது. பிசிறின்றி வரும் இடங்களும் உண்டு, இழுத்துப் பிடித்து வரும் இடங்களும் உண்டு. டெர்ஃபெலோடு பாடும் பிஸேயின் ‘முத்துக் குளிப்போர்’ ஜோடிப் பாட்டில், கட்டையான ஒரு பெரிய குரலுக்குப் பக்கத்தில் இவர் குரல் எவ்வளவு மெல்லியது என்பது பளிச்சென்று தெரியும். அவர் மேல் எனக்கு மரியாதை கூடிய இடம் அது. மெல்லிய குரலை வைத்துக்கொண்டு, விட்டுக்கொடுக்காமல் வரியை நேராகக் கொண்டுபோகிறார்.

‘நெஸ்ஸுன் டோர்மா’வையும் அந்தக் கச்சேரியில் கேட்கலாம். புச்சினியின் ‘துரந்தோத்’ ஓபராவில் மூன்றாம் அங்கத்தில் வரும் ஆரியா, அதாவது தனிப்பாட்டு. கடைசியில் எல்லோரும் காத்திருக்கும் அந்த உச்ச ஸ்வரத்தை புச்சினி மிகச் சிறியதாகத்தான் எழுதியிருக்கிறார். கார்வை கொடுத்து நீட்டுவது டெனர்களின் வழக்கம். ஸ்டுடியோவில் அது சரியாக வரவில்லை என்றால் மறுபடி பாடலாம். மேடையில் ஒரே வாய்ப்பு. கேட்கிற நமக்கும் அது தெரியும் என்பதால், அந்த ஸ்வரத்துக்கு முன்னால் நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். தனி ஆரியா ஒன்றிரண்டுதான் கேட்கப்போகிறீர்கள் என்றால் மேடைப் பதிவே மேல்.

முழு ஓபரா என்றால் கதை வேறு. இதே ஆரியா ஓபராவுக்குள் வரும்போது முடிவே இல்லாதது. இசை நிற்காமல் அடுத்த காட்சிக்குள் போய்விடும். கச்சேரிக்காகத்தான் அதற்குக் கைதட்டல் வாங்கும் முடிவு ஒன்றை ஒட்டுகிறார்கள். சுபின் மேத்தா நடத்த, போச்செல்லி பாடி 2015-இல் வெளியான ‘துரந்தோத்’ முழுப் பதிவில் அந்த ஓட்டத்தைக் கேட்கலாம். இந்த மாதிரி முழு ஓபராப் பதிவுகள் அவர் பெயரில் ஒரு டஜனுக்குப் பக்கமாக இருக்கின்றன. எல்லாவற்றையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ‘இல் ட்ரவத்தோரே’ போன்றவற்றில் வாளை உருவிக்கொண்டு பாடும் பாத்திரத்துக்கு ஏற்ற உருக்கு இந்தக் குரலில் கிடையாது. மைக்கை நெருக்கி வைத்தால் சத்தம் கூடும், உருக்கு கூடாது.

ஒன்றே ஒன்று எடுப்பதாக இருந்தால், மேத்தா இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தி 2000-இல் வந்த ‘லா போஹேம்’. பார்பரா ஃப்ரித்தோலி மிமியாகப் பாடுகிறார். போச்செல்லியின் பாத்திரமான ரொடோல்ஃபோ ஒரு ஏழைக் கவிஞன். மொட்டை மாடி அறையில் குளிரில் உட்கார்ந்திருக்கிறான். மெழுகுவர்த்திக்கு நெருப்புக் கேட்டு வருகிறாள் பக்கத்து வீட்டுப் பெண் மிமி. இருட்டில் கை கையில் படுகிறது. உன் கை எப்படிச் சில்லென்று இருக்கிறது என்று தொடங்குகிறான். பேச்சிலிருந்து பாட்டு எழும் இடம் அது. இரண்டு பேர் இருக்கும் ஒரு சின்ன அறையில் நடப்பது. போச்செல்லியின் குரல் இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. 1998-இல் சர்தீனியாவின் காலியாரி நகர அரங்கில் இதே பாத்திரத்தை அவர் மேடையில் பாடியிருக்கிறார். இருந்தாலும் ஆல்பத்தில்தான் அந்த அறை அளவுக்கு நாம் அவரிடம் நெருங்க முடிகிறது. வாத்தியங்களை அடக்கிக் குரலை முன்னே வைத்திருப்பது ஒலிப்பதிவாளரின் கைவேலை என்பது உண்மை. பதிவு என்பது அரங்கின் நகல் என்று நினைப்பவருக்கு அது ஏமாற்று வேலையாகத் தோன்றலாம். எனக்கு அது தனிக் கலை.

தேவாலயப் பாடல்களில் முடிவு செய்வதுதான் கஷ்டம். 1999-இல் மியுங்-வுன் சுங் நடத்த, ரோமின் சாந்தா செசிலியா ஆர்க்கெஸ்ட்ராவும் கோரஸும் சேர்ந்த ‘சேக்ரட் ஆரியாஸ்’ ஆல்பம் இருக்கிறது. 41 வயதைத் தொடும் பருவத்துக் குரல், தளும்பாமல், வழுக்கிக்கொண்டு போகும். இன்னொரு பக்கம் 2020 ஏப்ரல் 12. இத்தாலி முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஈஸ்டர் ஞாயிறு. மிலான் பேராலயத்தில் ஒரு பார்வையாளர் இல்லை. எமானுவேலே வியனெல்லியின் ஆர்கன் மட்டும் துணைக்கு. யூடியூபில் ஒரே நேரத்தில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். ‘பானிஸ் ஆஞ்ஜெலிகுஸ்’ இரண்டிலும் இருக்கிறது. ஒன்றன் பின் ஒன்றாகக் கேளுங்கள். ஆல்பத்தில் குரலுக்கு அடியில் தந்தி வாத்தியங்கள் மெத்தை விரித்திருக்கும். மிலானில் 61 வயதுக் குரல் கிட்டத்தட்டத் தனியாக நிற்கிறது. சில இடங்களில் குரல் சொரசொரப்பாகிறது, மேல் ஸ்வரங்களுக்கு முயற்சி தெரிகிறது. ஆனால் கைதட்டல் இல்லை. எதிரில் யாரும் இல்லாததால் யாருக்காகவும் குரலைப் பெரிதாக்க வேண்டிய அவசியமும் இல்லை. மேடைப் பதிவுகளில் நான் குறை சொன்ன அத்தனையும் இங்கே நீங்கிவிடுகிறது. ஸ்டுடியோவின் நெருக்கமும் நேரடிப் பாட்டின் ஆபத்தும் ஒரே இடத்தில் கிடைப்பது இதில் மட்டும்தான். அரை மணி நேரம்கூட ஆகாது. அவரைக் கேட்டே இராத ஒருவருக்கு இதைத்தான் முதலில் அனுப்புவேன்.

சரி, டிக்கெட் வாங்குவதா?

அவர் பெரும்பாலும் பாடுவது ஆயிரக்கணக்கானோர் அமரும் விளையாட்டு உள்ளரங்குகளிலும் திறந்தவெளிகளிலும். அங்கே குரல் வருவது ஒலிபெருக்கி வழியாகத்தான். ஓபரா அரங்கில் தொண்டையிலிருந்து நேராகக் காதுக்கு வரும் குரலைக் கேட்கப் போகிறோம் என்று நினைத்துப் பணம் கட்டினால் ஏமாற்றமாக இருக்கும். நிகழ்ச்சி வழக்கமாக இரண்டு பாதி: முதல் பாதியில் ஓபரா ஆரியாக்கள், இரண்டாவதில் மெல்லிசை. முழு நேரமும் அவரே பாடுவதும் இல்லை. இரண்டு மூன்று பாட்டுக்கு ஒருமுறை உள்ளே போய் வருவார். இடையில் ஆர்க்கெஸ்ட்ரா தனியாக வாசிக்கும், கூட வரும் சோப்ரானோ (உச்ச ஸ்தாயிப் பெண் குரல்) பாடகி ஒரு ஆரியா பாடுவார், வயலினோ நடனமோ வரும். குரலைக் காத்துக்கொள்ள இது வேண்டியதுதான். முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் நல்லது.

வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அவர் அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். 1995-க்கும் 2000-க்கும் இடைப்பட்ட அந்தக் குரல் ஆல்பங்களில் மட்டும்தான் இருக்கிறது. எவ்வளவு கொடுத்தாலும் இன்று நேரில் கிடைக்காது. அந்தக் குரலைத் தேடுபவர் டிக்கெட் காசில் ஒரு நல்ல ஹெட்ஃபோன் வாங்கிக்கொள்ளலாம். இருபது வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒருவர், தனக்குப் பிடித்த பாடகரோடு ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், தாராளமாகப் போகலாம். கடைசியில் ‘டைம் டு சே குட்பை’யும் ‘நெஸ்ஸுன் டோர்மா’வும் வரும்போது சுற்றியிருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்கலாம். அது ஆல்பத்தில் இல்லாதது, அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

செலவழிக்க முடிந்தவர்களுக்கு என் தேர்வு லயாத்திகோ. பிறந்த ஊரின் குன்றுச் சரிவில் 2006-இல் தொடங்கிய ‘தெயாத்ரோ தெல் சிலென்சியோ’, அதாவது மௌன அரங்கம். ஜூலையில் சில நாள் மட்டும் மேடை எழும். மற்ற மாதங்களில் அங்கே இசை கிடையாது. திறந்தவெளி என்பதால் ஒலிபெருக்கி இல்லாமல் இங்கேயும் முடியாது. ஆனால் அவர் ஓடியாடிய மண்ணில், அவர் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து கேட்கலாம். போக முடியாதவர்கள் அங்கே எடுத்து 2008-இல் வெளியான ‘விவேரே’ பதிவைப் பார்க்கலாம். சென்ட்ரல் பார்க்கைவிடச் சூழல் இதமாக இருக்கும், பாட்டு அந்த அளவுக்கு விறுவிறுப்பாக இருக்காது.

எங்கே போனாலும், இருக்கை எடுக்கும்போது மேடையை ஒட்டிய ஓரப் பகுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு பக்கத்து ஒலிபெருக்கிக்கு அடியில் மாட்டிக்கொண்டால் வாத்தியங்களும் குரலும் கூழாகிவிடும். ஒலிக் கலவைப் பலகையை வைத்துக்கொண்டு ஒலிப் பொறியாளர்கள் உட்காரும் இடம் வழக்கமாக மேடைக்கு நேர் எதிரே, தரைத்தளத்தின் நடுவில் அல்லது சற்றுப் பின்னால் இருக்கும். அவர்கள் காதுக்குச் சரியாகக் கேட்கிறபடிதான் மொத்த ஒலியையும் அமைக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால், முன்வரிசையைவிட விலை குறைவாக இருந்தாலும், அதையே எடுங்கள்.